‘டெஸ்ட்’ என்ற பெயரில் மூன்று படங்கள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர்கள் வரை எல்லாருக்கும் அவள் மூச்சுப்பிடி அக்கா. இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே அறையில் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே புடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. கொஞ்சம் பெருமைகூட உண்டு. மாலை ஷிப்ட்காரர் ஒருமுறை ‘புடிங்க’ சொல்லிவிட்டு, ‘விடுங்க’ சொல்ல மறந்து போனில் பேசப் போய்விட்டாராம். பாவம், ஒரு பெரியவர் கண் பிதுங்க அப்படியே நின்றிருக்கிறார். அந்தக் கதையை அவள் வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லிச் சிரிப்பாள். தன் கையில் இதுவரை அப்படி ஒருத்தரும் நின்றதில்லை என்று கடைசியில் சேர்த்துக்கொள்வாள்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. அது விதிப்படி தப்பு. படம் எடுப்பதுதான் அவள் வேலை, படிப்பது டாக்டர் வேலை. எடுத்தவள் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தன் முகத்தையே பார்க்கிறவர்கள் முன்னால் கல்லுப் பிள்ளையாராக நிற்க அவளுக்கு வராது. திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காதுதான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் ஷிப்டில் வந்து வரிசையில் நிற்கிறவர்கள் இருந்தார்கள்.

இந்த வருஷம் அந்த அறைக்குப் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. கண்ணுக்குத் தெரிகிற சாமான் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு புரோகிராம். செயற்கை நுண்ணறிவாம். லட்சக்கணக்கான நெஞ்சுப் படங்களைப் பார்த்துப் பழகியதாம். படம் எடுத்த இருபது விநாடியில், சந்தேகமான இடத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு கட்டம் போட்டு, நூற்றுக்கு இத்தனை என்று சந்தேகத்துக்கு மார்க்கும் போடும். மார்க் அதிகமாக இருந்தால் அந்தப் படத்தை டாக்டரின் பட்டியலில் முதலுக்குத் தள்ளிவிடும். பொருத்த வந்த கம்பெனிக்காரர், மனுஷக் கண் அசந்துபோகிற இடத்தில் இது அசராது என்றார். முதல் வாரம் அது ஒரு பெண்ணின் தொங்கும் பின்னலுக்குக் கட்டம் போட்டது. அடுத்து ஒருவர் கழற்ற மறந்த சட்டைப் பொத்தானுக்குப் போட்டது. நல்ல கெட்டிக்காரப் பிள்ளைதான், பொத்தானுக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்லு என்று மூச்சுப்பிடி அக்கா கேலி செய்தாள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. எக்ஸ்ரே பிரிவு முழுவதும் அந்த அம்மாள் பொறுப்பில்தான். ஆறு மாசத்துப் பழைய படங்களையும் அதன் கண்ணில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், நாம் விட்டது ஏதாவது அகப்படுகிறதா பார்க்கலாம் என்று அவர் சொன்னார்.

அகப்பட்டது. ஒரு திங்கட்கிழமை காலையில் டாக்டரம்மா அவளைத் தன் இருட்டறைக்குக் கூப்பிட்டார். திரையில் ஒரு ஆணின் நெஞ்சு. வலது பக்கம் மேலே, காறையெலும்பும் விலா எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில் மஞ்சள் கட்டம். மார்க் எண்பத்தொன்று. டாக்டரம்மா பெரிதாக்கிக் காட்டியபோதுதான் அவளுக்கே தெரிந்தது. எலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு பட்டாணி அளவுக்கு வெள்ளை. பின்னலுமில்லை, பொத்தானுமில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டெஸ்ட்’ என்று இருந்தது. வயது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று.

"ஒரு வயசுக் குழந்தைக்கு இவ்வளவு பெரிய நெஞ்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா. "யாரு இது?"

அது எந்த நாள் எடுத்த படம் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஐந்து மாசத்துக்கு முன்னால் எக்ஸ்ரே மெஷினின் கதிர்க் குழாயை மாற்றினார்கள். மாற்றினால் முதலில் வெறும் தண்ணீர்க் கேனை நிற்கவைத்துச் சோதனைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் வழக்கம் வேறு. அக்கா ஒரு படம் எடுத்துக் கொடேன், அண்ணே ஒரு படம் எடுத்துக் கொடேன் என்று மாசக்கணக்காக நச்சரிக்கிற வேலைக்காரர்களும் அவர்கள் வீட்டாட்களும் குழாய் மாற்றுகிற நாளுக்காகக் காத்திருப்பார்கள். சீட்டு வேண்டாம், வரிசை வேண்டாம். ஆற்றிலே போகிற தண்ணீர், அம்மா குடி, ஐயா குடி. ‘டெஸ்ட்’ என்ற பெயரில் போகிற படத்தை எந்த டாக்டரும் திறந்து பார்ப்பதில்லை. எடுத்தவர் சொல்வதுதான் ரிப்போர்ட். அன்றைக்கு எடுத்தவள் அவள்தான். வந்து நின்ற மூன்று பேரிடமும் அவள் சொன்னது, "ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு."

புதுப் புரோகிராமுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. அதைப் பொறுத்தவரை டெஸ்ட்டும் ஒரு நோயாளிதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோனது, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். சரி, ஒன்றுவிட்டுத்தான் சொன்னாள். மூன்று பேரும் நம் ஆட்கள் மேடம் என்றாள். மூவரில் ஒருவர் தன் புருஷன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. விளக்கம் எழுதிக் கொடுங்க, அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆளைக் கொண்டுவாருங்கள் என்றார். புற்றாகவே இருந்தாலும் இந்த அளவில் பிடித்தால் வெட்டி எடுத்துவிடலாம். மனுஷன் பேரன் பேத்தி பார்ப்பான். விட்டால் அது நிணநீர் முடிச்சுக்குப் போகும், அங்கிருந்து எலும்புக்குப் போகும். ஏற்கெனவே ஐந்து மாசம் போய்விட்டது. "அந்தாளு இப்ப எங்கியோ நல்லா நடந்துட்டு இருக்கான், நமக்கு அதுதான் அவசரம்" என்றார்.

மூன்று படங்களையும் அவள் வரிசையாக வைத்துப் பார்த்தாள். கடைசிப் படத்தில் நடு நெஞ்சில் பளிச்சென்று ஒரு விசில். கழற்ற மறந்த வாசல் காவலாளி! கட்டம் விழுந்தது நடுப் படம். ஆக, அவர் தப்பித்தார். மிச்சம் இரண்டு பேர். ஒருவர் லிஃப்ட்டுக்காரர். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லிஃப்ட்டை ஓட்டி, மூன்று மாசத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றுப் போனவர். மற்றவர் அவள் புருஷன். ஸ்கூல் வேன் டிரைவர். லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டுமென்று அன்றைக்குப் பின்வாசல் வழியாக அவள்தான் கூட்டிவந்தாள். சான்று எழுதிய டாக்டர், பெண்டாட்டியே எக்ஸ்ரேயில்தான் வேலை என்று கேட்டதும் படத்தைக் கையில்கூட வாங்காமல் கையெழுத்துப் போட்டாராம். அதை வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டார்கள்.

இரண்டு பேரில் முதலில் நின்றது யார், இரண்டாவது நின்றது யார்? அதுதான் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன்தான். முதுகைக் காட்டினால்கூட இருட்டில் அடையாளம் சொல்வாள். நெஞ்சுக்கூட்டைக் காட்டினால்? எலும்புக்கு ஏது மூக்கும் முழியும்? இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே ஒல்லி.

லிஃப்ட்டுக்காரர் சிகரெட் பிடிப்பார். இருமுவார். லிஃப்ட் வருகிறதா இல்லையா என்று பொத்தானைப் பார்க்க வேண்டாம், இருமல் சத்தத்தைக் கேட்டாலே தெரியும் என்று நர்ஸ்கள் சொல்வார்கள். புருஷனோ டீயைக்கூட ஆறவைத்துக் குடிக்கிற ஆள். அப்படியானால் யாராக இருக்கும்? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். அவளும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதோடு நின்றாளா? அது அவராகவே இருக்கட்டும், அது அவராகவே இருக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டவும் ஆரம்பித்தாள். ஒரு மனுஷனுக்குப் புற்று வரட்டும் என்று வேண்டுகிறோமே என்று உறைத்தபோது அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பவும் வேண்டினாள்.

அன்று முதல் அவள் காலில் சக்கரம். லிஃப்ட்டுக்காரரின் பழைய போன் எண் வேலை செய்யவில்லை. வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்தது வேறு குடும்பம். ஓய்வூதியப் பிரிவில் கேட்டாள். அங்கே இருந்த குமாஸ்தா, விலாசத்தை வெளியாளுக்குக் கொடுக்க விதி இல்லை என்றார். ‘நான் வெளியாளா?’ என்று அவரோடு ஒரு மூச்சுச் சண்டை போட்டாள். கேன்டீன்காரி, அவர் மகள் வீட்டோடு போய்விட்டார் என்றாள். எந்த மகள் என்று தெரியவில்லை. மூன்று மகள்கள். செவ்வாய்க்கிழமை ஒரு மகள், புதன்கிழமை இன்னொரு மகள். ஷிப்ட் முடிந்ததும் பஸ், பஸ்ஸை விட்டால் நடை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, வீட்டில் ஒருவரை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள்.

வேலையிலும் இருப்புக் கொள்ளவில்லை. விரல் நசுங்கி வந்த தச்சர் ஒருவரின் கையைத் தட்டில் வைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் போய், மூச்சைப் புடிங்க என்றாள். அந்த மனுஷனும் புடித்தார். விரலுக்கு எதுக்கம்மா மூச்சு என்று பிறகு கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. யாரிடமும் ‘ஒண்ணுமில்ல’ சொல்லவும் வாய் வரவில்லை. டாக்டரைப் பாருங்க, டாக்டரைப் பாருங்க என்றே அனுப்பினாள். இந்த அக்காவுக்கு என்ன ஆச்சு என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் இன்னும் மோசம். வியாழக்கிழமை காலையில் புருஷன் வேனைக் கழுவிவிட்டு வந்து டீயைக் குடித்தார், புரை ஏறி இருமினார். அவள் கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்தது. எத்தனை நாளாக இந்த இருமல், சளி வருகிறதா, ராத்திரி வியர்க்கிறதா, எடை குறைந்ததா என்று விசாரணைக் கமிஷன் வைத்துவிட்டாள்.

"டீ புரை ஏறினதுக்கு இவ்வளவு கேள்வியா?" என்றார் அவர். "முழுங்கத் தெரியாம முழுங்கிட்டேன், விட்டுடு."

வாருங்கள், இன்றைக்கு என்னோடு வந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். வேன் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் தினமும் போகிறது. ஆனால் எடுக்காத வரைக்கும் பயம் பாதிதான், மிச்சப் பாதியை லிஃப்ட்டுக்காரர் தலையில் வைத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டால்? அவள் கீழே விழுந்த பாத்திரத்தை எடுத்துக் கழுவிவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் மூன்றாவது மகள் வீட்டில் லிஃப்ட்டுக்காரர் அகப்பட்டார். நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஏறி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. "பார்த்தியா தங்கச்சி, முப்பது வருஷம் ஊரையே ஏத்தி இறக்கினேன், கடைசியில எனக்கு மாடிப்படி" என்று சிரித்தார் அவர். சிரிப்பு இருமலில் முடிந்தது. அந்த இருமலைக் கேட்டு அவளுக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். விஷயத்தைச் சொன்னாள். அவர் சிகரெட் பெட்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். மகளிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றார். காலையில் முதல் ஆளாக வந்துவிடுகிறேன் என்றார்.

சொன்னபடியே வந்தார். அவளும் முறைப்படி பெயர், வயது எல்லாம் எழுதி நிற்கவைத்தாள். இழுங்க, புடிங்க, விடுங்க. படம் வந்தது. இருபது விநாடி. கட்டம் எதுவும் விழவில்லை. மார்க் ஏழு. டாக்டரம்மா வந்து பழைய படங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் படத்து எலும்பும் இந்த எலும்பும் அச்சு அசலாக ஒன்று. புகை குடித்த நுரையீரல்தான், அதற்கு வேறு மருந்து இருக்கிறது. ஆனால் பட்டாணி இவருடையது அல்ல என்றார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு!" என்று லிஃப்ட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். உன் கைராசி தங்கச்சி என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மிச்சமிருக்கிற ஆள் யார், அவரை ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று டாக்டரம்மா கேட்டார். வீட்டுக்காரர் என்றாள் அவள். டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம். நாலு நாளாக ஊரெல்லாம் தேடினீர்களே, ஒரே வீட்டில் இருக்கிற மனுஷனைக் கூட்டிவர நாலு நிமிஷம் ஆகுமா, படித்த நீங்களே இப்படியென்றால் மற்றவர்களை என்ன சொல்வது என்று பொரிந்து தள்ளினார்.

"அவரோடதா இருக்கக் கூடாதுன்னுதான் மேடம் தேடினேன்" என்றாள் அவள்.

அதற்கு மேல் டாக்டரம்மா திட்டவில்லை. நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். இன்றைக்கே வரச் சொல்லுங்கள், புதுப் படம் எடுத்துக் கையோடு சி.டி. ஸ்கேனும் பார்த்துவிடலாம், நாலு நாளில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஐந்தாவது நாள் ஆக்காதீர்கள் என்றார். படத்தை வேண்டுமானால் மாலை ஷிப்ட்காரர் எடுக்கட்டும் என்றும் சொன்னார். வேண்டாம், நானே எடுக்கிறேன் என்றாள். அன்றைக்குப் பார்த்துச் சுத்தம் என்று சொன்னது அவள் வாய்தானே.

மத்தியானம் இரண்டரைக்கு வேனை வாசலில் நிறுத்திவிட்டுப் புருஷன் வந்தார். போனில் அவள் சொன்னது, பழைய படம் சரியாக விழவில்லை, இன்னொன்று எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான். லிஃப்ட்டுக்காரர் வீட்டுக்குப் போகாமல் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அவள் பதிவுக்கட்டத்தில் புருஷன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். வயது ஐம்பத்திரண்டு. இந்த மெஷினில் அந்தப் பெயர் ஏறுவது இதுதான் முதல் தடவை.

"சீக்கிரம், மூணே முக்காலுக்குப் பிள்ளைங்களை ஏத்தணும்" என்றார் அவர், சட்டையைக் கழற்றிக்கொண்டே. வெள்ளைத் தகட்டில் நெஞ்சை ஒட்டி, தாடையை மேலே வைத்து, இரண்டு தோளையும் முன்னால் தள்ளி நிற்கவைத்தாள். தோளைத் தொட்டபோது சூடாக இருந்தது. தன் முகத்தை அவர் பார்க்கக் கூடாது என்று சட்டென்று கண்ணாடிக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

"மூச்சை நல்லா இழுங்க" என்றாள் மைக்கில். "அப்படியே புடிங்க."

பொத்தானை அழுத்தினாள். நாலு விநாடியில் படம் வந்தது. விலா எலும்புகள், இருதயம், காறையெலும்பு. அவள் கண் அந்த ஒரு இடத்தை விட்டு நகரவில்லை. மெஷின் யோசித்துக்கொண்டிருந்தது. பொத்தானுக்குக் கட்டம் போட்ட சனியனே, இன்றைக்கும் எதையாவது தப்பாகச் செய்து தொலையேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பத்து விநாடி. பதினைந்து. வலது பக்கம் மேலே மஞ்சள் கட்டம் வந்து உட்கார்ந்தது. எண்பத்து மூன்று. அதே இடம், அதே பட்டாணி. பெரிதாகவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. திரும்பப் பார்த்தாள். பெரிதாகவில்லை, பெரிதாகவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது.

நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றபடியே நின்றிருந்தார். கழுத்து சிவந்து நரம்பு புடைத்திருந்தது. தோள் முன்னால், தாடை மேலே, அசையவில்லை. அவள் புடிக்கச் சொன்னாள், புடித்திருந்தார். விடச் சொல்லவில்லை, விடவில்லை.

"விடுங்க" என்று மைக்கைப் பிடித்துக் கத்தினாள். "விடுங்க, விட்டுடுங்க!"

அவர் தொப்பென்று மூச்சை விட்டு, தகட்டைப் பிடித்துக்கொண்டு வாங்கி வாங்கி இழுத்தார். அவள் ஓடிவந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். மாலை ஷிப்ட்காரரை வருஷத்துக்கு நாலு தடவை கேலி பண்ணுவியே, இனிமே நீ வாயைத் திறக்க முடியாது என்றார். சட்டையை மாட்டி முதல் பொத்தானைப் போட்டார். இரண்டாவதையும் போட்டுக்கொண்டே, எல்லாரையும் போல அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, ஒண்ணுமில்லதானே?"

அந்த வார்த்தை இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"இருக்குங்க" என்றாள். "சின்னதா ஒண்ணு இருக்கு. அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு. நான்தான் பார்க்கல. இப்ப எடுத்துடலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க."

மூன்றாவது பொத்தான் அவர் விரலிலேயே நின்றது. அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்ப பிள்ளைங்களை யாரு ஏத்துறது?" என்றார்.

ஸ்கூலுக்கு நான் போன் பண்ணுகிறேன் என்று சொல்லி, மிச்சப் பொத்தான்களை அவளே போட்டுவிட்டாள். சி.டி. ஸ்கேன் அறை அதே வராந்தாவில் நாலாவது கதவு. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.